மாலை ஆறு முதல், இரண்டாம் வகுப்பு

பகலில் இது என் மகன் படிக்கிற அறை.
செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு மேல்
பல்கலைக்கழகம்.

முழங்கால் தாடையை முட்டும் நாற்காலிகளில்
ஒன்பது பேர்.
அஞ்சலகத்து ஓட்டார்,
முதியோர் இல்லத்தில் இரவுப் பணி காத்திருக்கும் சுன்னா,
நெடுஞ்சாலைத் துறையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிற ஐலிஃப்,
மீன் ஆலையிலிருந்து யூருனும் நானும்.
கையை எலுமிச்சையில் தேய்த்து
காபித் தூளில் தேய்த்து
கடைசியில் அப்படியே வந்துவிடுவோம்.
எங்கள் குறிப்பேடுகளைப் பூனைக்குப் பிடிக்கும்.

'மீனை வெட்டப் பட்டம் எதற்கு?' என்றார் மேற்பார்வையாளர்.
'ஏழு கழுதை வயதில்' என்றும் சொன்னார்.
நாற்பத்தொன்று. ஆறு கழுதைகூட இல்லை.

விண்ணப்பத்தில் எங்களுக்குப் பெயர்
தொலைநிலை மாணவர்கள்.
நாங்கள் எங்கும் போகவில்லையே,
இதே வார்டோவில்தானே இருக்கிறோம்?
காற்றுக்குச் செடி நிற்காத இந்தத் தீவுக்கு
கடலுக்கடியில் சுரங்கப் பாதை ஏறி இறங்கி
ஐந்நூறு கிலோமீட்டர் வந்து,
மூக்கு சிவந்து,
கணிதம் கற்பிப்பது எப்படி என்று எங்களுக்குச் சொல்லும்
பெர்க்லியோத் அல்லவா தொலைவில் இருப்பவர்?

மேசைக்கு அடியில்
மகன் ஒட்டிய சூயிங்கம், மூன்று.
வீட்டில் கேட்கவில்லை.
கல்வி உளவியல் நடந்த மாலை
நான்காவதை நான் ஒட்டினேன்.

பிப்ரவரி, சனிக்கிழமை, தேர்வு.
ஒன்பது மணிக்குத் தொடங்க வேண்டும்.
முந்தின இரவே மலைப்பாதையில் தடுப்பு இறங்கிவிட்டது.
முத்திரையிட்ட உறையோடு பெர்க்லியோத்
தடுப்புக்கு அந்தப் பக்கம்.
பனி தள்ளும் வண்டி முன்னே போக
கார்கள் பின்னே வால் பிடித்து வருவதுதான் வழி.
அந்த வண்டியில் ஐலிஃப்.
தேர்வு எழுத வேண்டியவனே
தேர்வைக் கூட்டி வர வேண்டும்.

நாங்கள் குழந்தைகளின் வண்ணப் பென்சில்களை எல்லாம்
சீவி முடித்தோம்.
சுன்னா யாருடைய வீட்டுப்பாடத்தையோ திருத்தினாள்.
பதினொன்று நாற்பதுக்கு
சன்னலில் மஞ்சள் விளக்கு சுழன்றது,
பின்னால் ஏழு கார்.

ஐலிஃப் பூட்ஸோடு வந்து உட்கார்ந்தான்.
தாடியிலிருந்து சொட்டிய நீர்
பதிவெண் எழுதுமிடத்தை நனைத்தது.
பதினாறு மணி நேரம் ஓட்டியவன்
முதல் கேள்வியை எழுதினான்.
இரண்டாவதில் பாதி.
மூன்றாவதில் தலை சாய்ந்தது.

பெர்க்லியோத் பார்த்தார்.
தேர்வர் எவருக்கும் எவ்விதத்திலும்
உதவக் கூடாது என்கிறது விதி.
எழுப்புவது உதவியா?
விதிப் புத்தகத்தைப் புரட்டினார்,
முன்னிருந்து ஒரு முறை, பின்னிருந்து ஒரு முறை.
ஐலிஃப் குறட்டை விட ஆரம்பித்தான்.

என் முழங்கைக்குப் பக்கத்தில்
இரண்டாம் வகுப்பின் எண்ணும் மணிகள்,
ஒரு டப்பா நிறைய.
முழங்கை நகர்ந்தது.
வேண்டுமென்றா என்று கேட்காதீர்கள்,
இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

மரத்தரையில் நூறு மணிகள்
ஆலங்கட்டியாய் விழுந்து ஓடின.
ஐலிஃப் திடுக்கிட்டு எழுந்து
காலால் பிரேக்கைத் தேடினான்,
பிறகு பேனாவைக் கண்டுபிடித்தான்.

பெர்க்லியோத் மண்டியிட்டு
மேசை மேசையாய்ப் பொறுக்கினார்.
என் காலடிக்கு வந்தபோது நிமிர்ந்து பார்த்தார்.
'அமைதி' என்றார்,
அமைதியாகத்தான் இருந்தோம்.

ஏப்ரலில் முடிவு வந்தது.
ஐலிஃபுக்கு என்னைவிட ஒரு படி மேல்.
மூன்று நாள் அவனோடு பேசவில்லை.
நான்காம் நாள் எங்கள் வாசல் பனியைத் தள்ளிவிட்டுப் போனான்.

ஆனால் அதற்கும் முன்னால்,
தேர்வு முடிந்த அந்தத் திங்கள்,
பள்ளி விட்டு வந்த மகன்
சூப்பைக் கிண்டிக்கொண்டே சொன்னான்:
இன்று நூறு வரை எண்ணினோம்,
தொண்ணூற்றொன்பதோடு நின்றுவிட்டது.
டீச்சர் கேட்கச் சொன்னார்,
சனிக்கிழமை வந்த பிள்ளைகளில்
யார் எடுத்தது?